காலமான சவரிக்கு மதியச் சாப்பாடு

காரிமங்கலத்தில் பழக்கத்தை ஒழிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. சிரிக்காதீர்கள். வாசலில் பலகை தொங்கியது. அதில் "எடையளவு மாற்றக் கிளை அலுவலகம்" என்று பெரிய எழுத்தில் எழுதியும் இருந்தது. நாட்டில் கிலோவும் லிட்டரும் வந்துவிட்டனவே, இந்தச் சனங்கள் இன்னும் படியையும் வீசையையும் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று கவலைப்பட்டு, அறுபதாம் வருடம் திறந்தார்கள். முதல் இரண்டு வருடம் சந்தைக்குச் சந்தை போய்ப் படி, உழக்கு, வீசைக்கல் எல்லாவற்றையும் பறித்து வந்து பின்னறையில் கூரை முட்டக் குவித்தார்கள். அதற்குமேல் பறிக்க ஒன்றும் அகப்படவில்லை. அன்றிலிருந்து மாதம் தவறாமல் "இம்மாதம் ஏதுமில்லை" என்று ஓர் அறிக்கை மேலே போகும். மாதம் தவறாமல் சம்பளம் கீழே வரும்.

அறுபத்தெட்டாம் வருடம் தை மாதத்தில் அந்த அலுவலகத்துப் பியூன் சவரி செத்துப்போனார். அங்கே நிசமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். பானையில் தண்ணீர் நிரப்புவார், பெருக்குவார், அறிக்கையைத் தபாலில் சேர்ப்பார். அவரைப் புதைத்த எட்டாம் நாள், சேலத்திலிருந்து வெங்கடாசலம் என்று புது அதிகாரி வந்து சேர்ந்தார். குமாஸ்தா பச்சியப்பன் பழைய ஆள்.

சவரியின் பெண்சாதி மிக்கேலம்மாள். பிள்ளை குட்டி இல்லை. கோயில் தெருவில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டுவீடு. அங்கிருந்து அலுவலகம் ஒரு மைல் இருக்கும். எட்டு வருடமாக, மத்தியானம் ஆனால் தூக்கில் களியும் கடைசலும் எடுத்துக்கொண்டு அந்த ஒரு மைலை நடந்தவள் அவள். சவரி படிக்கட்டில் குந்தி, முதல் வாய் வைத்ததும் சொல்வார்:

"ஒரு கல்லு உப்பு கூட."

கல்யாணமான மறுநாள் ஆரம்பித்தது, இருபத்தாறு வருடம் ஒரு நாள் தவறவில்லை. "நாளைக்கு உப்பில்லாம கொண்டாறேன், நக்கிக்கிட்டுக் கெட" என்பாள் இவள். ஒருநாள் ஆத்திரத்தில் நிசமாகவே உப்புப் போடாமல் கொண்டுபோனாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. மறுநாள் காலையில் மிக்கேலம்மாள் அடுப்பை மூட்டினாள். ராகி மாவை உழக்கில் அள்ளினாள், கிண்டினாள், உருட்டினாள். பார்த்தால் நாலு உருண்டை. ஒரு ஆளுக்குக் களி கிண்ட அவள் கைக்குத் தெரியாது. இரண்டைத் தட்டில் வைத்தாள். மிச்ச இரண்டு தூக்குக்குள் போயிற்று. கீரைக் கடைசல் மேல்தட்டில் போயிற்று. கிருஷ்ணகிரி பஸ் ஆரன் அடித்ததும் கால் கிளம்பியது. அலுவலகத்துப் படிக்கட்டில் தூக்கை இறக்கி வைத்த பிற்பாடுதான், ஐயோ, ஆள் இல்லையே என்று உறைத்தது.

திரும்பி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வீட்டில் என்ன இருக்கிறது? கோழிகூட அவர் செத்த வாரமே விற்றாகிவிட்டது. தூக்கைப் படியில் வைத்துவிட்டு, தூணோரம் நின்றாள். பச்சியப்பன் எட்டிப் பார்த்தான். பாவம், தூக்கை வாங்கித் தின்றான்.

"அமிர்தம்க்கா."

அவள் தூக்கைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

வெங்கடாசலம் இதை நாலு நாள் பார்த்தார். அவர் ஒற்றை ஆள். சம்சாரம் இறந்து பல வருடம், சந்தைப்பேட்டைத் தெருவில் ஒரு ரூம், ஓட்டல் சாப்பாடு. காலை பத்துக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் பச்சியப்பனைக் கூப்பிட்டார்.

"யார் அந்த அம்மாள்?"

"நம்ம சவரி சம்சாரங்க சார். சவரிக்குச் சாப்பாடு கொண்டாருது."

"சவரி காலமாகிவிட்டாரே?"

"ஆமாங்க சார்."

"அது அந்த அம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க சார். பொதைக்கறப்ப கூட இருந்துச்சு."

வெங்கடாசலம் பேனா மூடியைத் திருகினார். "இறந்துபோன அரசு ஊழியருக்கு, உயிரோடு இருக்கும் ஒரு நபர், அலுவலக வளாகத்தில், தினசரி உணவு வழங்குகிறார். எந்த விதியின் கீழ்? எழுதுங்கள் குறிப்பாணை."

குறிப்பாணை தயாரானது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பியூன்தான் செத்துப்போனாரே! ஆகவே அவள் சாப்பாடு கொண்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் கொடுத்தார்கள். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தது. மூன்று நாளைக்குள் நேரில் வந்து பதில் தரவேண்டும் என்றும் போட்டிருந்தது.

மிக்கேலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. எதிர்ச்சாரியில், புளியமரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு மனு எழுதிக்கொண்டிருந்த நூர் பாஷாவிடம் கொண்டுபோனாள்.

"பாய், என்னமோ குடுத்திருக்காங்க."

நூர் பாஷா படித்தார். இரண்டு தரம் படித்தார். "ஏன் வர்றேன்னு கேக்கறாங்கக்கா. என்ன எழுதட்டும்?"

"தெரியல பாய். கால் வந்துருது."

"இத இங்கிலீஷ்லதான் எழுதணும். தமிழ்ல எழுதினா அழுகாச்சின்னு தூக்கிப் போட்டுருவாங்க. இங்கிலீஷ்ல எழுதினா ஃபைல்ல வெப்பாங்க." கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "ஃபோர்ஸ் ஆஃப் ஹாபிட்னு ஒண்ணு இருக்குது. பெரிய பெரிய ஆளுங்க சொல்றது."

"அப்படின்னா?"

"புதுவருசம் பொறந்தும் ஒரு மாசத்துக்குப் பழைய வருசத்தையே தேதியில போடறாங்க பாரு, ஏன்டான்னு கேட்டா இதத்தான் சொல்லுவாங்க. போன மாசம் ரிட்டயரான கண்டக்டர் ஒருத்தரு மனு எழுத வந்தாரு. எழுதி முடிச்சதும் என் மேசையில ரெண்டு தட்டுத் தட்டி, 'ரைட் போலாம்'ன்னாரு. என்னண்ணேன்னா, இதான்னாரு. மனசு வேணாம்னாலும் கை காலு அதும்பாட்டுக்குச் செய்யும் பாருக்கா, அதுக்குப் பேரு."

மிக்கேலம்மாள் யோசித்தாள்.

"மனசு வேணாம்ங்கல பாய். மனசும்தான் போ போங்குது."

நூர் பாஷா தட்டச்சு மேல் வைத்த விரலை எடுத்தார். "அதுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாதுக்கா" என்றார். பிறகு தட்டினார். கார்பன் பிரதி ஒன்றை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவளிடம் கூலி வாங்கவில்லை.

பதில் போய்ச் சேர்ந்ததும் அலுவலகம் கலகலத்துப் போயிற்று. ஆட்சிமொழி தமிழ், கோப்பெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆங்கில வாசகத்தை ஏற்கவும் முடியாது. அது விளக்கம்தான் என்பதால் தள்ளவும் முடியாது. முதலில் தமிழாக்கம் வேண்டும். வெங்கடாசலம் கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் அவரும் பச்சியப்பனும்.

"பழக்க வேகம்" என்றான் பச்சியப்பன்.

"பஸ் மாதிரி இருக்கிறது."

"பழக்க விசை?"

"மோட்டார் பம்பு."

"பழக்கத்தின் பலவந்தம்?"

"பலவந்தம் என்றால் போலீஸுக்கு எழுத வேண்டும். பழக்க விசையே இருக்கட்டும். சரி, பயன்பாடு? ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்."

பச்சியப்பன் கூரையைப் பார்த்தான். பிறகு எழுதினான்: 'நமது அலுவலகம் பழக்க விசையால் மாதந்தோறும் ஏதுமில்லை என்று அறிக்கை அனுப்புகிறது.'

அறையில் மின்விசிறி கிடையாது. இருந்திருந்தால் அது சுற்றும் சத்தம் கேட்டிருக்கும்.

"அடித்துவிடுங்கள்" என்றார் வெங்கடாசலம். எழுந்து நின்றுகொண்டார். "மிஸ்டர் பச்சியப்பன், பழக்கம் என்பது என்ன? மனிதன் யோசிக்காமல் செய்வது. யோசிக்காமல் எதையும் செய்ய இந்த அலுவலகம் ஒருநாளும் இடம் தராது. நாம் எதைச் செய்தாலும், போன வருடம் எப்படிச் செய்தோம் என்று கோப்பைப் பார்த்து, அதே மாதிரி செய்வோம். பழைய அளவைகளை மக்கள் மனதிலிருந்து அகற்ற வந்தவர்கள் நாம். நாமே ஒரு பழக்கத்துக்குப் படிக்கட்டில் இடம் கொடுத்தால் நாடு என்ன ஆகும்? ஆங், போகும்போது மறக்காதீர்கள், என் ரூமுக்கு ரெண்டு படி புழுங்கலரிசி சொல்லியிருந்தேனே."

"ரெண்டு படிங்களா சார்?"

"ரெண்டு படிதான். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சி வைக்கலாமென்று."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 'பழக்கப் பதிவேடு' என்று ஒரு நோட்டுத் திறந்தார்கள். பழக்கம் தொடங்கிய தேதி, பழக்கத்தின் தூரம் கிலோமீட்டரில், பழக்கத்தின் எடை கிராமில். எடையளவு அலுவலகம் அல்லவா? தினமும் அவள் தூக்கை முத்திரைத் தராசில் நிறுத்து எழுதினார்கள். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: பழக்கம் நின்றுபோகும் உத்தேசத் தேதி.

"என்னன்னுக்கா போடட்டும்?" என்று பச்சியப்பன் கேட்டான்.

"நான் எப்ப நிக்கறனோ அப்பதான் சாமி. அது எனக்கென்ன தெரியும்?"

எடை போட்ட பிறகு சாப்பாட்டை என்ன செய்வது? விதிப்புத்தகத்தில் பார்த்தார்கள். உரிமை கோரப்படாத, கெட்டுப்போகும் தன்மையுள்ள பொருளை ஒரு சாட்சி முன்னிலையில் அழிக்க வேண்டும் என்று இருந்தது. பச்சியப்பன் அழிப்பான். வெங்கடாசலம் சாட்சி. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாட்சியாக இருப்பார். ஒரு விள்ளலைக்கூடத் தொட்டதில்லை. அரசாங்கப் பொருள் ஆயிற்றே. அழித்து முடித்ததும் பச்சியப்பன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அமிர்தம்க்கா" என்பான்.

அவள் தலையை ஆட்டுவாள். அவன் ஒவ்வொரு நாளும் அமிர்தம் என்று சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு ஏனோ வற்றிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளிடம் ஒருநாள் கேட்டாள்: "ஏன் புள்ள, என் களியில உப்பு கூடவா இருக்குது?" தீர்த்தம்மாள் வாயில் போட்டுப் பார்த்து, "அதெல்லாம் இல்லீங்க்கா, எச்சா கொறயா ஒண்ணும் இல்ல, சரியா இருக்குது" என்றாள். அன்று மிக்கேலம்மாள் சாப்பிடவில்லை.

குறிப்பாணைகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவருக்கான உணவை மட்டும் தயாரிக்காததற்குக் காரணம் என்ன? தூக்கு அரசு வளாகத்தில் வைக்கப்படும் நேரத்துக்கு வாடகை ஏன் வசூலிக்கக் கூடாது? ஐந்தாவது வந்தபோது நூர் பாஷா படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார்.

"என்ன பாய், படிக்காம வெக்கறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"சும்மா படிங்க."

அவர் படித்தார். "'மேற்படி உணவைப் பெற்றுக்கொள்ள விரும்பினால், காலஞ்சென்ற திரு. சவரி அவர்கள், உரிய அத்தாட்சியுடன், பதினைந்து தினங்களுக்குள் இவ்வலுவலகத்தில் நேரில் ஆஜராகலாம்.'"

மிக்கேலம்மாள் காகிதத்தின் பக்கம் குனிந்தாள்.

"ஆஜராகலாம்னா போட்டிருக்குது?"

"ஆமாக்கா."

"மறுக்கா படிங்க பாய்."

மறுபடி படித்தார். அந்தக் காகிதத்தை அவள் வாங்கி, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். மற்றக் குறிப்பாணைகளெல்லாம் அடுப்புப் பற்ற வைக்கப் போயின. அது மட்டும் போகவில்லை. பதினைந்து நாளும் களியோடு ஒரு துண்டு கருவாடு சேர்த்து வறுத்துக்கொண்டு போனாள். கருவாடு என்றால் சவரிக்கு உயிர். அவர் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அரசாங்கம் கூப்பிட்டிருக்கிறதே.

ஒன்பதாவது குறிப்பாணை கடுமையானது. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து அவள் படிக்கட்டு ஏறக் கூடாது. ஆனால் அதற்குள் பச்சியப்பன் ஒரு முட்டுக்கட்டை கண்டுபிடித்தான். நல்ல மனசா, களியின் ருசியா, யார் கண்டது. "சார், அந்த அம்மா குடுத்த விளக்கத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட தமிழாக்கம் இல்லாம எப்படித் தடை போடறது? நாம வெச்சது நாமளா வெச்சது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுருவமே."

வெங்கடாசலத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பத்தாவது குறிப்பாணையில் சொன்னார்கள்: மேற்படி சொற்றொடரின் பொருளும் பயன்பாடும் மேலிடத்திலிருந்து வரையறுத்து வரும்வரை இப்போதைய நிலையே தொடரலாம்.

நூர் பாஷா விளக்கினார்: "அர்த்தம் தெரியற வரைக்கும் நீ வரலாம்க்கா. தெரிஞ்சிட்டா வரக்கூடாது."

அன்றிலிருந்து மிக்கேலம்மாள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டு ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தாள்: மாதாவே, அந்த இங்கிலீஷுக்கு யாருக்கும் அர்த்தம் தெரியக்கூடாது.

மாதா இரக்கமுள்ளவள். மழைக்காலம் போயிற்று, தேர்த்திருவிழா போயிற்று, சவரிக்கு வருடத் திவசப் பூசையும் ஆயிற்று. கோப்பு தர்மபுரி போய், அங்கே எந்தப் பிரிவுக்கும் உரியதாக இல்லாமல் சேலம் போய், மாவட்டம் பிரிந்துவிட்டது என்று திரும்பி தர்மபுரி வந்து, சென்னை போயிற்று. அவள் நடந்தாள். தராசு எடை போட்டது. பச்சியப்பன் அழித்தான்.

மாசி மாதம் பதில் வந்தது. வெங்கடாசலம் உறையைக் கத்தரித்துப் படித்தார். முகம் சுண்ணாம்பாயிற்று. காகிதத்தைப் பச்சியப்பன் பக்கம் தள்ளினார்.

சொற்றொடரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இருந்தது இவ்வளவுதான்: 'பார்வையில் கண்ட கடிதத்தை அனுப்பியுள்ள அலுவலகம் 31-3-1964 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. கலைக்கப்பட்ட அலுவலகம் ஐந்து ஆண்டுகளாக எந்த அடிப்படையில் இயங்கி வருகிறது என்பதற்கு, மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும்.'

"நாம இல்லீங்களா சார்?" என்றான் பச்சியப்பன்.

"கோப்பின்படி இல்லை."

"அப்ப சம்பளம்?"

"அது வந்துகொண்டிருந்தது. நானும் வந்துகொண்டிருந்தேன்."

அன்று சாயங்காலம் ஐந்தடித்ததும் வெங்கடாசலம் சாலையைக் கடந்தார். வந்து ஒரு வருடமாயிற்று, புளியமரத்தடிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. நூர் பாஷா எழுந்து நின்றார். அதிகாரி காகிதத்தை நீட்டினார்.

நூர் பாஷா படித்துப் பார்த்தார். பெட்டியைத் திறந்து, போன வருடத்துக் கார்பன் பிரதியைத் தேடி எடுத்தார்.

"பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கலாம் சார். மீதியெல்லாம் அப்படியே சரியா வரும்."

வெங்கடாசலம் அதை வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அடித்துக் கொடுங்கள்" என்றார்.

பங்குனி முதல் வாரத்தில் பலகை இறங்கியது. பின்னறைப் படிகளையும் வீசைக்கற்களையும் லாரியில் ஏற்றினார்கள். எங்கே போகிறதென்று லாரிக்காரனுக்கும் தெரியவில்லை. பச்சியப்பனைப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போட்டுவிட்டார்கள். போகிற அன்றைக்கு அவன் தூக்கைக் கழுவியே கொடுத்தான்; "அமிர்தமா சாப்பிட்டேன்க்கா, மறக்க மாட்டேன்" என்று கண் கலங்கினான். கதவில் பூட்டு விழுந்தது. பதினோராவது குறிப்பாணை அவளுக்கு அன்று கிடைத்தது: இவ்வலுவலகம் இல்லாததால், முந்தைய குறிப்பாணைகள் எதுவும் தரப்படவில்லை என்று கருதிக்கொள்ளவும்.

"ஆஜராகலாம்னு குடுத்ததும் இல்லேன்னு ஆயிருச்சுங்களா பாய்?" என்று கேட்டாள்.

நூர் பாஷா இயந்திரத்தின் மேல் உறையைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை மிக்கேலம்மாள் பிடிவாதமாக மாவைக் குறைத்து அள்ளினாள். கிண்டிப் பார்த்தால் நாலு உருண்டை. ஆரன் அடித்தது. கால் கிளம்பியது. வழியில் ஒருவரும் என்னக்கா சாப்பாடா என்று கேட்கவில்லை. கேட்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது.

பலகை இருந்த இடத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம், நாலு ஆணி. அதற்குக் கீழே படிக்கட்டில் வெங்கடாசலம் உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டை, பக்கத்தில் குடை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். எதற்கு எழுந்திருக்கிறோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க போகலீங்களா சார்?"

"எங்கே போடுவது என்று உத்தரவு வரவில்லை. வரும்வரை ரூமில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்." கொஞ்ச நேரம் கழித்து, "ரூமில்தான் இருந்தேன்" என்றார். "பத்து மணி ஆயிற்று."

மிக்கேலம்மாள் மேலே கேட்கவில்லை. தூக்கைப் படியில் இறக்கினாள்.

"எடை போடணுங்களா?"

"தராசு போய்விட்டது."

அவள் மேல்தட்டை எடுத்தாள். களி உருண்டையை மூடியில் வைத்து, குழி பறித்து, கொள்ளுக் கடைசலை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு எப்போதும் போலத் தூணோரம் போய் நின்று ரோட்டைப் பார்த்தாள்.

அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். சாட்சிக்கு யாரும் இல்லை. களியைப் பிட்டு, கடைசலில் தோய்த்து, வாயில் போட்டார். மென்றார், களியை மெல்லக் கூடாது என்றுகூடத் தெரியாத மனுசன். கழுத்தை நீட்டி விழுங்கினார். ஓட்டல் சாப்பாடு தின்று தின்று செத்துப்போன நாக்கு. ஆனாலும் அளவு என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"ஒரு கல் உப்பு கூட" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

மிக்கேலம்மாள் திரும்பவில்லை. கிருஷ்ணகிரி பஸ் வந்து, நின்று, ஆளை இறக்கி, கிளம்பிப் போகும்வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, ஒன்பது வருடம் நின்ற கால், முதல் தடவையாக அந்தப் படிக்கட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். நக்கிக்கிட்டுக் கெட என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பெரிய உத்தியோகத்தில் இருந்த மனுசர்.

"நாளைக்கு உப்பில்லாம கொண்டாறேனுங்க" என்றாள்.